ஹெட்போன் வயர் போச்சு, நாமளே செஞ்சுக்கலாமா?

கருங்கல்லில் இருந்து கேள்வி
4 பிப்ரவரி 2023

ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் வச்சிருக்கேன், பழசா வாங்கினது. நாற்காலிச் சக்கரம் ஏறி வயர் நசுங்கிட்டு. இடது காது வந்து வந்து போவுது. கடையில காட்டினா, வயர் தனியா கிடைக்காது, புதுசு எடுங்கன்னு சொல்றாங்க. நெட்டுல வெள்ளி வயர்னு ஒண்ணு பார்த்தேன், ஹெட்போன் வெலையில பாதி. நாமளே செஞ்சுக்க முடியுமா அண்ணே? வெள்ளி போட்டா சத்தம் தெளிஞ்சு வருமா?

4 பிப்ரவரி, ராத்திரி

முடியும். பெரிய காசும் ஆகாது.

உனக்க ஹெட்போனுக்கு ஒண்ணும் ஆகல, முதல்ல அதை மனசுல வை. வயர் கழற்றிக்கிற மாடல் அது. 2.5 மி.மீ. பின் இடது காதுக் கிண்ணத்துக்குள்ள போகும், திருப்பினா பூட்டிக்கும். உறுதிப்படுத்த ஒரு மல்டிமீட்டர் போதும். வயரை மாட்டினபடியே மறுமுனையில இருக்கிற 3.5 பின்னில் ஓம் அளந்து பார். நுனிக்கும் அடிக்கும் நடுவுல இடது காது, நடு வளையத்துக்கும் அடிக்கும் நடுவுல வலது காது. 38 ஓம்னு போட்டு விக்கிற ஹெட்போன் அது, ரெண்டு பக்கமும் அதுக்குக் கிட்டத்துல ஒரு எண் அசையாம நிக்கணும். வயரை நெளிக்கும்போது எண் ஓடிச்சுன்னா வயர்தான் போயிருக்கு. நெளிச்சும் அசையாம நின்னா வேற இடத்துல தேடணும்.

வெள்ளிக் கதைக்கு அப்புறம் வாறேன்.

5 பிப்ரவரி

முழு வயரும் புதுசா செய்யணும்னு இல்ல மக்கா. எங்க அறுந்திருக்குன்னு தெரிஞ்சா பாதி வேலை மிச்சம்.

சக்கரம் ஏறின இடம் கண்ணுக்குத் தெரிஞ்சா சரி. தெரியாட்டா ஒரு வழி இருக்கு. வயரைத் தனியா கழற்றி எடு. கப்பாசிட்டர் அளக்கிற மீட்டர் யாருகிட்டயாவது இருந்தா, சின்ன ரேஞ்சுல வச்சு, அறுந்த இடது இழைக்கும் கிரவுண்டுக்கும் (ரெண்டு காதுக்கும் பொதுவா கரண்ட் திரும்பி வர்ற இழை) நடுவுல ஒரு முனையில இருந்து அள, மறுமுனையில இருந்தும் அள. ஒரு பக்கம் 90 பிக்கோபேரட், மறுபக்கம் 30னு காட்டினா, முதல் முனையில இருந்து முக்கால் தூரத்துல அறுந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு இழை பக்கத்துல பக்கத்துல ஓடுற நீளத்துக்கு ஏத்தபடிதான் அந்த எண் கூடும், குறையும். வயரை அங்கங்க அறுத்துப் பார்த்து நாசமாக்க வேண்டாம்.

அந்த மாடல் புதுசா வரும்போது மூணு வயர் கூட வரும்: 3 மீட்டர் நேர் வயர், 1.2 மீட்டர் நேர் வயர், சுருள் வயர். உன் கையில இருக்கிறது 3 மீட்டரா இருந்தா, நசுங்கின இடத்தோட வெட்டிவிட்டு, 2.5 பின் இருக்கிற நல்ல துண்டை வச்சுக்கிட்டு, வெட்டின முனையில புது 3.5 பின் போடு. நீளம் குறையும், அவ்வளவுதான். அந்த 2.5 முனையை மட்டும் விட்டுராத. கிண்ணத்துத் துளை உள்வாங்கி இருக்கும். கடையில கிடைக்கிற சாதாரண 2.5 பின்னோட மூடி தடிமனா இருந்தா உள்ள போகாது.

5 பிப்ரவரி, சாயங்காலம்

கடையில என்ன சொல்லிக் கேட்கணும்னு கேட்டிருந்த. 3.5க்கு ‘ஈபி ஸ்டீரியோ பின்’. பெரிய 6.35க்கு ‘பி-38’, அதுலயும் ஸ்டீரியோன்னு சொல்லணும், இல்லன்னா கிட்டார் பின்னைத் தந்துருவாங்க. மைக்குக்குப் போடுற மூணு கால் எக்ஸ்எல்ஆருக்கு ‘கேனன்’. உலோக மூடி, உள்ள வயரைக் கவ்வுற தகடு ரெண்டும் இருக்கணும். பிளாஸ்டிக் மூடி போட்டதை வாங்காத. நியூட்ரிக், ரீயான் கம்பெனி பின் நாகர்கோவில்ல எல்லா நேரமும் கிடைக்கும்னு சொல்ல முடியாது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறவங்ககிட்ட சொல்லிவிட்டா வரும்.

8 பிப்ரவரி

வெள்ளி.

செம்பை விட வெள்ளி கரண்ட்டை நல்லா கடத்தும். எவ்வளவு நல்லா? சுமார் 6 சதவீதம். அதை உனக்க ஹெட்போன்ல வச்சுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 கேஜ் செம்புக் கம்பி (கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும்) மீட்டருக்கு 0.21 ஓம். 1.2 மீட்டர் வயர்னா போக வர 2.4 மீட்டர், அரை ஓம் ஆச்சு. 38 ஓம் ஹெட்போனுக்கு முன்னால அரை ஓம் நின்னா, சத்தம் ஏறக்குறைய 0.1 டெசிபெல் குறையும். அதே கனத்துல வெள்ளி போட்டா 0.5 ஓம் 0.48 ஓம் ஆகும். குறையுறது அப்பவும் அதே 0.1 டெசிபெல்தான். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் காதும் பிடிக்காது. அதே காசுக்கு 26 கேஜ் செம்பு எடுத்தா மீட்டருக்கு 0.13 ஓம். வெள்ளி தர்ற லாபத்தைப் போல பல மடங்கு அது.

“எனக்குக் கேட்டுச்சே” என்கிறவங்களோட சண்டை போட மாட்டேன். வயர் மாத்தும்போது வால்யூம் இம்மி கூடினாலும் காது அதைத் தெளிவுன்னு எடுத்துக்கும். ரெண்டு வயரையும் ஒரே சத்தத்துல வச்சு, எது எதுன்னு தெரியாம இன்னொருத்தரை மாத்தி மாத்தி மாட்டச் சொல்லிக் கேட்டா, எனக்கு வித்தியாசம் கேட்டதே கிடையாது.

வயர்ல காசு போடணும்னா மூணு விஷயத்துல போடு. பின், வயரோட மென்மை, பின்னுக்குப் பக்கத்துல இருக்கிற கழுத்து. சாவுறது எல்லாம் அந்தக் கழுத்துலதான்.

12 பிப்ரவரி

ஈயம் வைக்கிறது பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. எனக்க முறையைச் சொல்றேன்.

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். சூடு குறைக்கக் கூட்ட முடிஞ்சா இன்னும் கொள்ளாம். ஈயம் 63/37 (வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு) கிடைச்சா அதை எடு. 183 டிகிரியில சட்டுனு உருகும், சட்டுனு உறையும். 60/40 அங்கிருந்து 190 டிகிரி வரைக்கும் கூழாட்டம் நிக்கும், அந்த நேரத்துல கை ஆடினா ஜாயின்ட் மங்கிப் போகும், உள்ள விரிசல் விடும். ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி வேணும், புதுசா கத்துக்கிறவங்க அதுல தொடங்க வேண்டாம். பாத்திரம் அடைக்கிறவங்க வச்சிருக்கிற ஆசிட் பேஸ்ட்டைத் தொடவே கூடாது. இன்னைக்கு அழகாப் பிடிக்கும், ஆறு மாசத்துல கம்பியை அரிச்சுத் தின்னுரும். ஈயத்துக்குள்ளேயே இருக்கிற ராசின்ங்கிற பிசின் போதும்.

மூடியையும் ஸ்லீவையும் (வயர் மேல போடுற குழாய் உறை) வயர்ல கோத்துவிட்டுட்டுத்தான் அயர்னையே கையில எடுக்கணும். இதை வாய்விட்டுச் சொல்லிட்டே செய்.

அப்புறம் பின்னை எதுல பிடிக்கிறது? பழைய ரேடியோவுல இருந்து கழற்றின பெண் சாக்கெட் ஒண்ணை பலகையில திருகி வச்சிருக்கேன். புதுப் பின்னை அதுல குத்தி நிறுத்திட்டுத்தான் சூடு காட்டுவேன். பின்னோட வளையங்களுக்கு நடுவுல இருக்கிறது பிளாஸ்டிக். சூட்டுல அது இளகினா உள்ள இருக்கிற காதுகள் (வயரை ஒட்டவைக்கிற உலோக நாக்குகள்) இடம் மாறி ஒண்ணோட ஒண்ணு முட்டும். சாக்கெட்டுக்குள்ள இருந்தா பின் நேரா நிக்கும், சூட்டையும் சாக்கெட் வாங்கிக்கும்.

வயர் நுனிக்கு ஈயம் பூசு. பின் காதுக்கும் பூசு. பிறகு ரெண்டையும் ஒட்டவச்சு அயர்னை ரெண்டு செகண்ட் காட்டி எடு. கூடுதல் நேரம் வச்சா ஈயம் உறைக்குள்ள இழை வழியா ஏறிப் போகும். ஏறின தூரம் வரைக்கும் வயர் கம்பி மாதிரி விறைச்சுரும். விறைப்பு முடிஞ்சு மென்மை தொடங்குற அந்த ஒரு புள்ளியிலதான் அப்புறம் எல்லா வளைவும் வந்து விழும், அங்கேயே முறியும். ஆகவே பின்னுக்குள்ள இருக்கிற தகடு அந்தப் புள்ளியைத் தாண்டி உறையைக் கவ்வணும். கம்பியைக் கவ்வினா போதாது.

ஜன்னலைத் திறந்து வை, புகையை முகத்துல வாங்காத. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவாம சோத்துல கை வைக்காத. ஈயம் ஈயம்தான், அதுலயும் வீட்டுல குழந்தை இருந்தா.

13 பிப்ரவரி

நேத்து எழுத விட்டது. வயரை வெட்டினதும் உள்ள செம்பு பளபளன்னு இருக்கான்னு பார். கறுத்தோ பச்சை பிடிச்சோ இருந்தா ஈயம் பிடிக்கவே பிடிக்காது, எவ்வளவு சூடு காட்டினாலும் உருண்டு விழும். நல்ல செம்பு தெரியற வரைக்கும் பின்னால பின்னால வெட்டிக்கிட்டே போ. எனக்க வீடு ராஜாக்கமங்கலம், கடல் காத்து நேரா வரும். இந்தப் பக்கத்து வயர்ல ஒரு சாண் தூரம் கூட உள்ளுக்குள்ள கறுப்பு ஏறிக் கிடக்கும். வெளியில உறை புதுசு போல இருக்கும்.

19 பிப்ரவரி

கருங்கல் தம்பி பின் மாத்திட்டான். “அண்ணே, ரெண்டு காதும் கேக்குது, ஆனா பாடுறவரு குரல் மட்டும் எங்கேயோ தூரத்துல கேக்குது, தபேலாவும் வயலினும் மட்டும் சுத்திச் சுத்தி வருது, வலது காது ஸ்பீக்கர் போச்சா?”ன்னு எழுதியிருக்கான்.

ஸ்பீக்கர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கிரவுண்ட் பிடிக்கல. கிரவுண்ட் விட்டுப்போனா இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் ஒரே சங்கிலியா மாட்டிக்கும். அப்போ ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். பாடுறவர் குரலை பெரும்பாலும் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரே அளவா வச்சுத்தான் ரிக்கார்டு பண்ணுவாங்க. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா குரல் காணாமப் போகும். ஓரத்துல இருக்கிற வாத்தியமும் எதிரொலியும் மிஞ்சும். பின்னைத் திறந்து நீளமா இருக்கிற காதைப் பாரு, ஈயம் மேல உக்காந்திருக்கும், உள்ள ஒட்டியிருக்காது. அது பெரிய உலோகத் துண்டு, சூடு கூடுதல் வேணும். அந்தக் காதுக்கு மட்டும் ரெண்டு செகண்ட் கணக்கை விட்டுட்டு, ஈயம் பரவுற வரைக்கும் அயர்னை வை.

19 பிப்ரவரி, ராத்திரி

குரல் வந்துட்டாம்.

26 பிப்ரவரி

“இதுக்குப் போயி இவ்வளவு எழுதணுமா, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே”ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அவருக்குச் சொல்றேன்.

நான் கோயில் கொடைத் திருவிழாக்கள்ல வில்லுப்பாட்டு ரிக்கார்டு பண்றவன். இதுல எனக்குப் பைசா வரவு இல்ல. சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, முத்தாரம்மன் கதை, ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி. முழுக்கதையும் மனப்பாடமா வச்சிருக்கிற வயசானவங்க வருசத்துக்கு வருசம் குறையுறாங்க. கதை ராத்திரி தொடங்கினா விடிய விடியப் போகும். அதுல ஒரு இடத்துல சாமி வரத்துப் பாட்டு, வீசுகோல் வில்லுல விழ விழ மணியெல்லாம் குலுங்கும், உடுக்கை ஏறும், குடம் அடியில முழங்கும். அந்த நேரம் ஹெட்போன்ல ‘கர்ர் கர்ர்’னு ஒரு சத்தம் வந்தா என்ன செய்வீங்க? அது ரிக்கார்டுல விழுதா, மைக் வயரா, இல்ல எனக்க ஹெட்போன் வயரா? மேடைக்குப் போய் “பாட்டா, இன்னொருக்கா பாடுங்க”ன்னு கேட்க முடியாது. சாமி வந்தாச்சு.

அப்படி ஒரு ராத்திரி எனக்கு நடந்தது. மைக்கைத் தொடாம, பையில கிடந்த இன்னொரு ஹெட்போனை மாட்டிப் பார்த்த பிறகுதான் கர்ர் சத்தம் ரிக்கார்டுல இல்லன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள நெஞ்சு படபடத்துப் போச்சு. பயத்துல மைக்கை மாத்தியிருந்தா நல்ல பாட்டுக்கு நடுவுல நானே ஒரு ஓட்டை போட்டிருப்பேன்.

ஆகவே எனக்கு வயர்ங்கிறது காதுக்கு இன்பம் தர்ற சமாச்சாரம் இல்ல. ஹெட்போன் சொல்றதை நம்பலாமா வேண்டாமாங்கிறது அதுலதான் இருக்கு. புதுசு வாங்கினாலும் கூட்டத்துல மிதிபட்டு, வேர்வையில நனைஞ்சு, அதே கழுத்துல போகும். நான் செய்த வயர் எங்க போகும், எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துல திறந்து சரி பண்ணவும் தெரியும்.

5 மார்ச்

தக்கலை அண்ணன் லேன் வயரைப் பின்னிப் போடலாமேன்னு கேட்டிருக்கார். நாலு ஜோடி, நல்ல செம்பு, வீட்டுல சும்மா கிடக்கும், கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணே, சுவருக்குள்ள ஓடுற லேன் வயருக்கு உள்ளே இருக்கிறது ஒத்தைக் கம்பி. வளைக்க வளைக்க ஒரே இடத்துல முறியும். தலையோட சேர்ந்து திரும்புற வயருக்கு அது ஆகாது. மோடத்துல இருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற குட்டி பேட்ச் கார்டுல பல இழை இருக்கும். அதை உரிச்சு எடுத்தா பரவாயில்ல, ஆனா உறை விறைப்பு.

நான் போடுறது நாலு இழை மைக் வயர். ஜப்பான் மோகாமி 2893 மாதிரி மெலிசா ஒண்ணு, 4.8 மி.மீ. கனம். நாலு இழையில ஒண்ணு இடது, ஒண்ணு வலது, மிச்சம் ரெண்டையும் சேர்த்து கிரவுண்ட். கிரவுண்டுக்கு ஏன் ரெண்டு? ரெண்டு காதோட கரண்ட்டும் அந்த ஒரே வழியாத்தான் திரும்பி வருது. அந்த வழியில தடை இருந்தா இடது பக்கம் கொஞ்சம் வலதுல கசியும். 38 ஓம் ஹெட்போனுக்கு 28 கேஜ்ல ஒத்தை இழை 1.2 மீட்டர் போட்டா, கசிவு 43 டெசிபெல் கீழே நிக்கும். ரெண்டு இழை போட்டா இன்னும் 6 டெசிபெல் இறங்கும். பாட்டுக் கேட்கிறதுக்கு ஒத்தை இழையே தாராளம்தான். இழை சும்மா இருக்கும்போது போட்டுவைக்கிறதுல என்ன நஷ்டம்?

மைக் செட் கடையில கிடைக்கிற சாதா மைக் வயர் 6 மி.மீ. வரும், ஈபி பின் மூடிக்குள்ள நுழையாது. பி-38 போட்டு மேஜையில மட்டும் வைக்கிறதா இருந்தா அதுவே போதும்.

18 மார்ச்

கழுத்து.

ஸ்பிரிங் போட்டுப் பார்த்திருக்கேன். பேனா ஸ்பிரிங் சட்டையில மாட்டும், துருவும் பிடிக்கும். ஸ்லீவ் மேல ஸ்லீவா மூணு அடுக்கு போட்டுப் பார்த்திருக்கேன், அது கழுத்தைக் கனமாக்கி, முறியுற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்குது, அவ்வளவுதான்.

இப்பம் செய்யுறது துறையில ஒரு அண்ணன் சொல்லித் தந்தது. கரையில உக்காந்து வலை பொத்துறவர். கயிறு முனை பிரியாம இருக்க நூல் சுத்திக் கட்டுவாங்கல்ல, அதே கட்டு. வலை நூலை வயர் மேல நீளவாக்குல ஒரு மடிப்பா வச்சு, அதுக்கு மேல பின் பக்கத்துல இருந்து நெருக்கமா சுத்திட்டு வரணும். பின் மூடியை ஒட்டி இறுக்கமா. வயர் பக்கம் போகப் போக இறுக்கத்தை விட்டுக் கொடுக்கணும். கடைசில நூல் முனையை மடிப்புக்குள்ள விட்டு, மறுமுனையை இழுத்தா முடிச்சு உள்ள போய் ஒளிஞ்சிரும். இறுக்கம் படிப்படியா குறையுறதால வளைவு ஒரே புள்ளியில விழாம விரல் நீளத்துக்குப் பரவுது. சூட்சுமம் அதுலதான் இருக்கு.

பசை போட்டா பின் பக்கத்து நாலு சுத்துக்கு மட்டும். வயர் பக்கம் பசை ஊறினா அங்க விறைக்கும், திரும்பவும் பழைய கதை. தங்கூசி (ஒத்தை நைலான் நரம்பு) வேண்டாம், வழுக்கிக் கழண்டுரும். முறுக்கு நைலான் நூல்தான் சரி.

அவர் ஹெட்போன் மாட்டுறவர் இல்ல. பின்னைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு, “இது எங்க வளையும்?”னு ஒரு கேள்வி கேட்டார். இந்த விஷயத்துல என் காதுல விழுந்த நல்ல கேள்வி அது.

குளச்சல் பக்கம் வலைக்கடையில பின்னல் நைலான் கயிறும் இருக்கு. உள்ள இருக்கிற நூல் கட்டை உருவிட்டா உறை மட்டும் மிஞ்சும், அதுக்குள்ள வயரைக் கோத்துக்கலாம். வெளிநாட்டுல பாராசூட் கயிறுன்னு வாங்கிப் போடுறாங்களே, அதே வேலையை இது செய்யும்.

2 ஏப்ரல்

கயிறு உறை பத்தி ரெண்டாம் யோசனை. சட்டைக் காலர்ல உரசும்போது அந்த ‘சர சர’ காது வரைக்கும் ஏறி வருது. கிண்ணம் வச்ச ஹெட்போன்ல பெரிசாத் தெரியாது. காதுக்குள்ள சொருகுற இயர்போனுக்குப் போட்டவங்க ரெண்டு நாள்ல கழற்றிட்டாங்க. காதுக்குள்ள போறதுக்கு வழவழன்னு மெல்லிசு உறைதான் வேணும், அதையும் காதுக்கு மேல சுத்தி விட்டா சத்தம் நல்லாக் குறையும். கயிறை நான் விட்டுட்டேன். நூல் கட்டு மட்டும் இருக்கு.

30 ஏப்ரல்

வயரோட தடையால காதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பிப்ரவரில கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு 38 ஓம் ஹெட்போனுக்கு. இயர்போன்காரங்க அதை அப்படியே எடுத்துக்க வேண்டாம். ஒரு காதுக்குள்ள ரெண்டு மூணு குட்டி ஸ்பீக்கர் வச்ச இயர்போன்கள் உண்டு. அதுல சிலதோட இம்பிடன்ஸ் (சத்தத்தோட கரண்ட்டுக்கு அது காட்டுற தடை) ஒரே எண்ணா நிக்காது. ஒரு சுருதியில 5 ஓம், இன்னொரு சுருதியில 30 ஓம்னு ஏறி இறங்கும். அதுக்கு முன்னால 1 ஓம் வயர் போட்டா, 5 ஓம் இருக்கிற இடத்துல 1.6 டெசிபெல் குறையும், 30 ஓம் இருக்கிற இடத்துல 0.3தான் குறையும். நடுவுல 1.3 டெசிபெல் வித்தியாசம். இது காதுக்குக் கேட்கும். வயர் மாத்தினதும் குணம் மாறிச்சுன்னு சிலர் சொல்றது இந்த மாதிரி இயர்போன்ல நிஜமாவே நடக்கும். அங்கேயும் காரணம் வெள்ளி இல்ல, ஓம். நீளத்தைக் குறை, கம்பியைக் கொஞ்சம் தடிப்பா எடு, செம்பே போதும்.

11 ஜூன்

இடவப்பாதி மழை வந்தாச்சு. ஈரத்துல பின் மேல மங்கல் படியற காலம்.

தங்க முலாம் பூசின பின் துரு பிடிக்காது, ஆனா முலாம் தேஞ்ச இடத்துல பிடிக்கும். மாசத்துக்கு ஒருக்கா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டுத் துடை, மொபைல் சர்வீஸ் கடையில கேட்டாத் தருவாங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத, இருக்கிற முலாமும் போயிரும். கொடைக்குப் போய் வந்த வயரை அப்படியே சுருட்டிப் பெட்டிக்குள்ள வைக்காத. வேர்வை இருக்கும், ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல காயவிட்டு வை.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்க வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசின செம்பு இருக்கான்னு கேளுங்க. வெட்டினா உள்ள வெள்ளையாத் தெரியும். படகுல ஓடுற வயரெல்லாம் அந்த வகையாத்தான் போடச் சொல்லுவாங்க, உப்புக் காத்துல கறுக்காது. சத்தத்துக்கு எந்தக் குறையும் இல்ல, ஈயமும் சட்டுனு பிடிக்கும். முட்டத்துல இருந்து எழுதின தம்பிக்கு நான் சொல்றது இதைத்தான்.

12 ஜூன்

மைக் வச்ச ஹெட்போன் கேட்டவருக்கு. பின்னுல நாலு பாகம் இருக்கும். இப்பத்து போன்ல 3.5 துளை இருந்தா பெரும்பாலும் நுனி இடது, முதல் வளையம் வலது, ரெண்டாம் வளையம் கிரவுண்ட், அடி மைக். பழைய சில போன்ல கிரவுண்டும் மைக்கும் இடம் மாறி இருக்கும். பழைய வயர்ல பார்த்து அப்படியே போட்டுட்டு, மேல சொன்ன குரல் காணாமப் போற கதை வந்துதுன்னா அந்த ரெண்டையும் மாத்திப் பாருங்க.

2 ஜூலை

கழற்ற முடியாத வயர் உள்ள ஹெட்போனைத் திறந்தா உள்ள தலைமுடி மாதிரி கலர் கலரா இழை இருக்கும், நடுவுல நூலும் ஓடும். சுரண்டினாலும் ஈயம் பிடிக்கலன்னு மார்த்தாண்டத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். அந்தக் கலர் எனாமல் பூச்சு. அது போகாம ஈயம் ஒட்டாது. லைட்டர் காட்டி எரிக்கிறவங்க உண்டு. அதுல செம்பும் கறுத்து நொறுங்கிப் போகும், எனக்கு அது பிடிக்காது. அயர்ன் நுனியில ஒரு சொட்டுப் புது ஈயத்தை உருட்டி வச்சு, இழை முனையை அதுக்குள்ள மெல்ல முக்கி நிறுத்துங்க. 390 டிகிரி பக்கத்துல பூச்சு தானா எரிஞ்சு, முனையில இருந்து ஈயம் ஏறுறது கண்ணுக்குத் தெரியும். நூலை முதல்லயே கத்தரிச்சு விடுங்க, எரிஞ்ச நூல் ஈயத்துக்குள்ள மாட்டினா ஜாயின்ட் நிக்காது. பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். கலரை நம்பாம மீட்டர் வச்சுப் பார்த்துக்கோங்க.

திறந்தது திறந்தாச்சு, அங்கேயே ஒரு பெண் சாக்கெட் பதிச்சு, வயரைக் கழற்றுற மாதிரி ஆக்கிருங்க. கிண்ணத்துல துளை போடும்போது ஸ்பீக்கரை வெளியே எடுத்து வைங்க. உள்ள காந்தம் இருக்கு, இரும்புத் தூள் பறந்து ஒட்டினா எடுக்க முடியாது. நான் மினி கேனன் சாக்கெட் போடுறேன், இழுத்தாக் கழறாது. 3.5 சாக்கெட் போட்டா கூட்டத்துல யாராவது வயரை மிதிக்கும்போது பின் தானா உருவிக்கும், ஹெட்போன் தலையில இருந்து விழாது. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. கொடைக்குக் கொண்டுபோறதுல 3.5தான் நல்லதோன்னு இப்பம் தோணுது, மாத்திப் பார்க்கணும்.

9 ஜூலை

ஏகேஜி கே240 ஸ்டூடியோ வச்சிருக்கிற அண்ணனுக்கு: உங்க ஹெட்போன்ல சாக்கெட் ஏற்கெனவே மினி கேனன்தான், துளை போடுற வேலையே இல்ல. மூணு பின் பெண் மினி கேனன் ஒண்ணும், ஈபி பின் ஒண்ணும் வாங்குங்க. 1 கிரவுண்ட், 2 இடது, 3 வலது. எண் கனெக்டர் முகத்துலயே பொறிச்சிருக்கும், ரொம்பச் சின்னதா இருக்கும், போன் கேமராவுல பெரிசாக்கிப் பாருங்க. ஈயம் வைக்கிற பக்கம் திரும்பினா இடமும் வலமும் மாறித் தெரியும். வயரை மாட்டும் முன்னே எண்ணை ஒவ்வொண்ணா விரல் வச்சுச் சரி பாருங்க.